பாத்திரம் சுமந்த கொள்கை

மணிமேகலைக் காப்பியத்தைப் பற்றி நெடுங்காலமாக ஒரு குறை கூறப்பெற்று வருகின்றது. சிலப்பதிகாரத்தில் கதை முன்னிற்கின்றது. மணிமேகலையிலோ சமயம் முன்னிற்கின்றது. சீத்தலைச் சாத்தனார் கவிஞராகத் தொடங்கிச் சமயவாதியாக முடிந்துவிட்டார் என்பதே அக்குறை. இதற்குச் சான்றாகக் காட்டப்பெறுவன இறுதிக் காதைகள். 27ஆம் காதையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் கொள்கை உரைக்கின்றனர். 29ஆம் காதையில் அளவை இலக்கணம் விரிகின்றது. 30ஆம் காதையில் பன்னிரு சார்புகள் விளக்கப்பெறுகின்றன. படிக்கும் மாணவன் களைத்துப் போகின்றான். கற்பிக்கும் ஆசிரியரும் அப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றார்.

குறை ஓரளவு உண்மையே. ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. சாத்தனாரின் பௌத்தம் இறுதிக் காதைகளில்தான் இருக்கின்றது என்று அது எண்ணிக்கொள்கின்றது. அப்பௌத்தம் நூலின் நடுவிலேயே, ஒரு பாத்திரத்தின் வடிவில், முழுமையாக வந்து நின்றுவிடுகின்றது. 11ஆம் காதை முதல் 19ஆம் காதை வரையில் அமுதசுரபி என்னும் அப்பாத்திரம் கைம்மாறிச் செல்லும் வழியை உற்று நோக்கினால், பின்னால் வாதமாக உரைக்கப்பெறும் கொள்கையின் சாரம் முன்னரே செயலாக நிகழ்ந்துவிட்டது என்பது புலனாகும். அளவை இலக்கணத்தைக் கற்றோர் சிலர். பாத்திரத்தைக் கையில் ஏந்தாதவர் எவர்? கொள்கை மக்களிடம் வந்து சேர்வதற்கு அன்றாடப் பொருளும் அன்றாடச் செயலுமே வழி என்பதைச் சாத்தனார் நன்கு அறிந்திருந்தார்.

அப்பாத்திரம் சுமந்து வரும் கொள்கைகள் யாவை, அவற்றுள் ஒன்றோடொன்று பொருந்துவன எவை, மோதுவன எவை என ஆராய்வது நூலைப் புதிதாகக் கற்பதற்கு ஒப்பாகும்.

ஏற்கும் கலம்

ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் அடையாளப் பொருள் உண்டு. மணிமேகலையிலேயே இதனைக் காணலாம். மலர்வனம் செல்லும் வழியில் சமண முனிவர் ஒருவர் எதிர்ப்படுகின்றார். உறியும் கரகமும் அவரை இன்னார் என்று காட்டிவிடுகின்றன. வேள்விச் சாலையைக் காட்டுவது, கொம்பில் மாலை சூட்டிக் கட்டப்பெற்ற பசு. பௌத்தத் துறவியைக் காட்டுவது கடிஞை என்னும் பிச்சைப் பாத்திரம்.

பௌத்த பிக்கு ஒருவர் தமக்கென வைத்துக்கொள்ளத் தக்கவை எட்டே பொருள்கள் என்பது மரபு. மூன்று ஆடைகள், பாத்திரம், மழிக்கும் கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி ஆகியன அவை. இவ்வெட்டனுள் ஒவ்வொரு நாளும் துறவியையும் இல்லறத்தாரையும் நேருக்கு நேர் நிறுத்துவது பாத்திரம் ஒன்றே. பிக்கு வாசலில் வாய்திறவாது நிற்றல் வேண்டும், கேட்டல் கூடாது. இட்டதை ஏற்றல் வேண்டும். சுவை நோக்கி விலக்குதல் கூடாது. நண்பகலுக்கு முன் உண்டுவிடுதல் வேண்டும். மறுநாளைக்கென வைத்தல் கூடாது. அவா அறுத்தல் என்னும் பெருங்கொள்கையை நூல் படித்து உணர ஆண்டுகள் பல ஆகலாம். பாத்திரத்தை ஏந்தி நிற்பவனுக்கு அது காலைதோறும் உடலிற் படியும் பழக்கம் ஆகிவிடுகின்றது. இடுகின்ற இல்லத்தாளுக்கும் அவ்வாறே. ஓர் அகப்பைச் சோறு அவளுடைய சமயக் கல்வி.

புத்தர் பெருமான் ஏந்திய பாத்திரம் என்று கருதப்பெற்ற ஒன்று, இன்று பெசாவர் எனப்படும் புருசபுரத்தில் வழிபடப்பெற்று வந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி பாகியான் அதனைப் பற்றி எழுதியிருக்கின்றார். ஏழைகள் சில மலர்களை இட்டாலே அது நிறைந்துவிடும். செல்வர் எத்துணை மலர்களைக் கொட்டினும் நிறையாது என்று மக்கள் நம்பினர் என்பது அவர் தரும் செய்தி. ஈகையின் அளவைக் கைப்பொருள் கொண்டு அளத்தல் ஆகாது என்னும் அறம் அங்கே ஒரு கலத்தின் வயிற்றில் கதையாகத் தங்கிவிட்டது.

கல் விழுந்த கடிஞை

அமுதசுரபியின் பழைய வரலாற்றை அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கின்றார். வாரணாசியைச் சேர்ந்த சாலி என்னும் பார்ப்பனப் பெண் கற்பு நெறி பிழைத்துத் தென்குமரி நோக்கி வருகின்றாள். வழியில் ஈன்ற மகவை இரவில் விட்டு அகன்றுவிடுகின்றாள். ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து அக்குழந்தையைக் காக்கின்றது. இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்து வளர்க்கின்றான். ஆவினால் காக்கப்பெற்றமையின் ஆபுத்திரன் எனப் பெயர் அமைகின்றது.

வளர்ந்த ஆபுத்திரன் வேள்விக்கெனக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு செல்கின்றான். பிடிபட்டு அடிபடுகின்றான். பிறப்பைச் சொல்லி இழிக்கப்பெறும்போது, பெருமுனிவர் பலருடைய பிறப்பும் அத்தகையதே என்று எடுத்துக்காட்டி விடை கூறுகின்றான். வளர்த்த தந்தையும் அவனைக் கைவிடுகின்றான். பின்னர் அவன் கடிஞை ஏந்தி அந்தணர் வாழும் ஊர்களில் பிச்சைக்குச் செல்ல, அவர்கள் அதில் கல்லை இடுகின்றனர்.

காப்பியத்தின் மிகக் கூரிய இடங்களுள் இதுவும் ஒன்று. சாதி வேற்றுமை பற்றிச் சாத்தனார் ஈண்டு விரித்துரைக்கவில்லை. சோறு விழவேண்டிய கலத்தில் கல் விழுகின்றது, அவ்வளவே. விலக்கப்பெற்றவன் யார், விலக்கியவர் யார், எதன்பொருட்டு என்பன அனைத்தும் அந்த ஓசையில் அடங்கிவிடுகின்றன. பசுவுக்கு இரங்குதல் பெரிதா, வேள்வி விதி பெரிதா என்னும் வழக்கு அங்கே தீர்ப்பாகிவிட்டது. பசுவைக் காத்தவனைப் பசித்திருக்க விடுவோரின் அறம் எத்தகையது என்பதைக் கற்பார் தாமே உணர்ந்துகொள்கின்றனர்.

ஏற்றது ஈவதாயிற்று

ஆபுத்திரன் தென்மதுரை அடைந்து சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்குகின்றான். வீடுதோறும் பிச்சை ஏற்றுக் கண்ணிலார், செவியிலார், முடவர், நோயுற்றோர், காப்பாரற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டினையே தலையணையாக வைத்து உறங்குகின்றான். மழை பொழியும் ஒரு நள்ளிரவில் வழிநடைக் களைப்போடு சிலர் வந்து பசி என்கின்றனர். கொடுக்க ஏதும் இல்லை. அவன் கலங்குகின்றான். அப்போதுதான் சிந்தாதேவி தன் கையிலுள்ள வற்றாப் பாத்திரத்தை அவனுக்குத் தருகின்றாள்.

இங்கே நிகழும் மாற்றத்தைக் கற்போர் தெளிவாகக் காணல் வேண்டும். துறவியின் பாத்திரம் ஏற்பதற்கு அமைந்தது. அமுதசுரபியோ ஈவதற்கு அமைந்தது. பிச்சைப் பாத்திரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. சங்கத்தை மக்கள் ஊட்டுதல் என்பது பழைய வழக்கு. சாத்தனாரின் காப்பியத்தில் துறவியே மக்களை ஊட்டுகின்றான்.

மணிமேகலையின் கைக்கு அது வந்து சேரும் முறையும் இதனை உறுதிப்படுத்துகின்றது. மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருள்கின்றது. வேற்றுரு எய்துதற்கு ஒன்று. வான்வழி செல்லுதற்கு ஒன்று. பசியை ஒழித்தற்கு ஒன்று. ஆகவே அமுதசுரபியைப் பெறும் முன்னரே தன் பசியை வெல்லும் வழி அவளிடம் இருக்கின்றது. பாத்திரம் அவளுக்காக வந்ததன்று. தன் பசிக்கு மந்திரம், பிறர் பசிக்குப் பாத்திரம் என இரண்டையும் கவிஞர் வேறுவேறாக வைத்திருக்கின்றார். மந்திரம் ஒருத்தியின் நெஞ்சுக்குள் அடங்குவது. பாத்திரம் பலர் முன் தெருவில் ஏந்தப்பெறுவது. தன்னளவில் துறந்து அமைதல் போதும் என்று எண்ணும் துறவுக்கும், பிறர் துயர் தீர்த்தலே துறவின் பயன் என்று எண்ணும் துறவுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் எளிதாக விளக்க இயலுமோ?

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. சிலம்பும் மேகலையும் மகளிர் அணிகலன்கள். இரட்டைக் காப்பியங்கள் இரண்டும் அணியின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சிலம்பு உடைந்து உண்மையை வெளிப்படுத்தியது. அரசன் உயிர் நீத்தான். மேகலையின் பெயர் கொண்டவளோ அணிகளைத் துறந்து ஓட்டினை ஏந்தினாள். சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினான். அரசு தவறினால் அழிப்பது ஒரு வழி. திருத்துவது மற்றொரு வழி. இரண்டு நூல்களின் உள்ளக்கிடக்கையும் இவ்விரு பொருள்களில் விளங்குகின்றது.

ஆதிரையின் முதற்பிச்சை

இதுவரை பாத்திரம் ஒரு நெறியே சுமந்து வந்தது போலத் தோன்றும். புகார் நகரத் தெருவுக்கு வந்தவுடன் அது மற்றொரு கொள்கையையும் ஏற்றுக்கொள்கின்றது. பாத்திரத்தில் விழும் முதற்பிச்சை கற்புடைய பெண்ணின் கையால் விழுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்தும் காயசண்டிகை, அதற்குரியவள் ஆதிரை என்று காட்டுகின்றாள்.

ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகை ஒருத்தியை நாடிச் சென்று, சூதாடிப் பொருள் இழந்து, வாணிகத்தின்பொருட்டுக் கடல் கடந்தவன். கலம் கவிழ்ந்து அவன் இறந்தான் என்று கேட்ட ஆதிரை தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. அத்தகையவள் இட்ட சோறே அமுதசுரபியின் ஊற்றைத் திறக்கின்றது.

பாத்திரத்தை ஏந்தி நிற்பவள் மாதவியின் மகள். கணிகையர் குலத்தில் பிறந்தவள். அதனை முதலில் ஏந்தியவன், நெறி பிழைத்தவள் என்று இகழப்பெற்ற சாலியின் மகன். பிறப்பினால் இழிவில்லை என்று இருவரையும் கொண்டு நிறுவிய கவிஞர், மூன்றாவதாக வரும் பெண்ணிடம் மட்டும் கற்பு என்னும் சான்றிதழைக் கேட்பது ஏன்? கணவன் எத்துணைத் தவறு செய்யினும் மனைவி தீயில் புகுந்து தன்னை மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் இல்லறக் கருத்து, பசி தீர்க்கும் அறத்தோடு ஒரே ஓட்டில் கலந்துவிட்டது. ஆண்மகன் எவனிடமும் அத்தகைய சான்று கேட்கப்பெறவில்லை.

இதனைக் கவிஞரின் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. புதுக்கொள்கை ஒன்று தெருவில் நடமாடவேண்டுமாயின், தெரு முன்னரே மதித்துவரும் ஒன்றின் துணையை அது நாடுகின்றது. பௌத்தத்தின் பாத்திரம் தமிழர் இல்லத்து வாசலைக் கடந்து உள்ளே செல்லப் பத்தினியின் கை தேவைப்பட்டது. அதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. ஒரு பொருள் ஒரு கொள்கையைப் பரப்பும்போது, அதனோடு ஒட்டிய பிறிதொரு கொள்கையையும் கேள்வியின்றிப் பரப்பிவிடும். ஆதிரை காதையை வாழ்த்திப் பாடம் நடத்துவோர் இப்பகுதியையும் மாணவர் முன் வைத்தல் நேர்மையாகும்.

மழை வந்தபின்

காப்பியத்தில் மற்றொரு முள்ளும் இருக்கின்றது. ஆபுத்திரனின் அறத்தால் இந்திரனின் இருக்கை அசைகின்றது. முதிய அந்தணன் உருவில் இந்திரன் வந்து வரம் தர முன்வருகின்றான். தேவருலகில் அறஞ்செய்வாரும் இல்லை, பசித்தாரும் இல்லை. அத்தகையோன் தனக்கு என்ன தரக்கூடும் என்னும் கருத்துப்பட ஆபுத்திரன் எள்ளி நகைக்கின்றான். சினங்கொண்ட இந்திரன், வற்கடத்தால் வாடியிருந்த பாண்டி நாட்டில் பெருமழை பெய்விக்கின்றான். நாடு விளைகின்றது. பசி நீங்குகின்றது. அம்பலத்தில் பசித்தோர் இருந்த இடத்தில் வீணர்களும் சூதர்களும் வந்து கூடுகின்றனர். உண்பார் உளரோ என்று ஆபுத்திரன் வீதியெங்கும் கேட்டுத் திரிகின்றான், கேட்டவர் சிரிக்கின்றனர்.

கவிஞர் இதனை இந்திரனின் சூழ்ச்சி என்கின்றார். கற்பாரின் உள்ளம் ஆபுத்திரனுக்காக இரங்குகின்றது. ஆயின் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். மழை பெய்து நாட்டில் பசி ஒழிந்தது தீங்கா? சினத்தால் செய்தாலும் இந்திரன் செய்தது பல்லாயிரவரை வாழ்வித்த செயலன்றோ? பசித்தவர் இல்லையே என்று ஈவோன் வருந்துவது எத்தகைய வருத்தம்?

ஈகையின் உள்ளே மறைந்திருக்கும் ஓர் இடர் இது. ஈவோன் இருக்கவேண்டுமாயின் ஏற்போனும் இருக்கவேண்டும். கையில் வற்றாப் பாத்திரம் ஏந்தியவனுக்குப் பசித்தவன் தேவைப்படுகின்றான். இவ்வுண்மையைச் சாத்தனார் வாதமாக உரைக்கவில்லை. ஆயினும் வெறும் பாத்திரத்தோடு தெருவில் அலைபவனை வரைந்து காட்டிவிட்டார்.

அவர் காட்டும் விடையும் சிறியதன்று. மரக்கலத்தில் வந்தோர் வழியாகச் சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று ஆபுத்திரன் அறிகின்றான். உடனே கலம் ஏறுகின்றான். தன் ஊர், தன் நாடு என்று அவன் அறம் எல்லை கட்டிக்கொள்ளவில்லை. வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கலம் சென்றுவிடுகின்றது. ஆளில்லாத் தீவில் வற்றாப் பாத்திரத்தோடு நிற்கின்றான். உண்டு உயிர் வாழலாம், தடுப்பார் இல்லை. பலரை வாழ்விக்க வந்த பாத்திரத்தைத் தன் ஒருவன் உயிருக்காக வைத்துக்கொள்ள அவன் மனம் இசையவில்லை. ஆண்டுக்கொரு நாள் தோன்றி அருளுடையார் கையில் சேர்க என்று கோமுகிப் பொய்கையில் அதனை இட்டு, உண்ணாது உயிர் விடுகின்றான்.

ஈவோனுக்குப் பசித்தவன் தேவை என்னும் ஐயத்துக்கு இதுவே மறுமொழி. ஈகை அவனுக்குப் புகழோ பிழைப்போ ஆகியிருந்தால் அவன் அத்தீவில் இறந்திருக்க வேண்டுவதில்லை. அவன் மறுபிறப்பில் சாவக நாட்டிலேயே பசு வயிற்றில் பிறந்து, பூமிசந்திரன் என்னும் மன்னனால் வளர்க்கப்பெற்றுப் புண்ணியராசன் ஆகின்றான். நாகபுரத்திலிருந்து ஆளும் அவனை மணிமேகலை காண்கின்றாள். பின்னர் அவன் மணிபல்லவம் வந்து தன் பழைய பிறப்பின் எலும்புகளைக் காண்கின்றான். சாவகம் என்பது யாவாவைக் குறிக்கும் என்பர் அறிஞர். தமிழ்க் காப்பியம் ஒன்றின் அறம் இத்தென்கிழக்குக் கடல்நாடுகளின் பசியை எண்ணிக் கலம் ஏறியது என்பது மலேசிய, சிங்கப்பூர் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியாகும்.

குளமா, கலமா?

உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர் என்னும் கருத்து மணிமேகலையில் பாத்திரத்தைப் பற்றிய பகுதியில் வருகின்றது. இதே கருத்து அதனினும் பழைய புறநானூற்றில் 18ஆம் பாட்டிலும் வருகின்றது. பாடியவர் குடபுலவியனார், பாடப்பெற்றவன் பாண்டியன் நெடுஞ்செழியன். இரண்டு நூல்களும் ஒன்றையே கூறினும், அவை சென்று சேரும் பொருள்கள் வேறு.

குடபுலவியனாரின் சிந்தனை ஓர் ஆசிரியரின் பாடம் போலப் படிப்படியாகச் செல்கின்றது. உடம்பு உணவால் ஆவது; உணவு நிலத்தாலும் நீராலும் ஆவது; ஆகவே நீரையும் நிலத்தையும் கூட்டி வைத்தவனே உயிரைப் படைத்தவன் ஆவான். அரசன் மறுமைச் செல்வமோ வெற்றியோ புகழோ வேண்டுவானாயின், பள்ளமான இடங்களில் நீர்நிலைகளை அமைத்தல் வேண்டும் என்பது அவருடைய முடிவு. அவர் கையில் அக்கருத்து குளமாயிற்று. சாத்தனார் கையில் அதே கருத்து கலமாயிற்று.

குளம் வெட்டக் கூலியாள் வேண்டும். கரை காக்க ஊர் வேண்டும். மேற்பார்வைக்கு அரசு வேண்டும். பசி வருமுன் தடுப்பது குளம். கலத்துக்கு இவை எவையும் வேண்டா. இரக்கமுள்ள ஒருவர் போதும். பசி வந்தபின் தீர்ப்பது கலம். குளத்தின் நீரை உண்பவன் எவருக்கும் தலைவணங்க வேண்டுவதில்லை. கலத்தின் முன் நிற்பவன் கையேந்தியே நிற்கின்றான். ஆயின் குளம் வெட்டி முடியும் வரை இன்று பசித்தவன் காத்திருக்க முடியுமா? நாளையை நினைந்து இன்றைக் கைவிடுவதும் அறமாகாது. இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிடுதல் எளிது. எது எதற்கு மாற்றாக வந்துவிடுகின்றது என்று விழிப்போடு காண்பதே அரிது.

சாத்தனார் இதனை அறியாதவர் அல்லர் என்பதற்குக் காஞ்சிப் பகுதி சான்று. அங்கு மழை பொய்த்து மக்கள் மடிகின்றனர். தன் செங்கோல் வளைந்ததோ, தவம் பிழைத்ததோ, மகளிர் கற்புக் குறைந்ததோ என்று மன்னன் இளங்கிள்ளி காரணம் தேடுகின்றான். மழையின் பொறுப்பில் ஒரு பங்கு மீண்டும் மகளிர்மேல் ஏற்றப்பெறுவதைக் காண்க. ஆதிரையின் வாசலில் கண்ட கருத்தே இங்கும் நிற்கின்றது. பின்னர் அம்மன்னன் மணிபல்லவத்தைப் போன்றே ஒரு பொய்கையும் பொழிலும் பீடிகையும் அமைக்கின்றான். மணிமேகலை அங்கே பாத்திரத்தை வைத்து எல்லா உயிரையும் அழைக்கின்றாள். 18 மொழி பேசும் மக்களும், உடற்குறை உற்றோரும், விலங்கினங்களும் வந்து உண்கின்றனர்.

அப்பொய்கை வழிபாட்டுக்குரிய படிவமே. வயலுக்குப் பாயும் ஏரி அன்று. ஆயினும் அமுதசுரபி சோறு சுரந்ததற்குக் கவிஞர் எடுத்த உவமை எண்ணத்தக்கது. நீரும் நிலமும் பருவமும் கருவியும் ஒத்து வாய்த்தபோது விதைத்த வித்துப் பெருகி விளைவதை அதற்கு ஒப்பாகக் கூறுகின்றார். தெய்வப் பாத்திரத்தின் வியப்பைச் சொல்ல வந்தவர் உழவனின் வயலைத்தான் நாடவேண்டியிருந்தது. உவமை என்பது கவிஞன் தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லிவிடும் இடம் என்பர். ஈண்டு அறிந்தே சொன்னார் என்று கொள்வதும் பொருந்தும். வற்றாத பாத்திரம் ஒன்று உலகில் உண்டாயின் அது விளைநிலமே.

பாத்திரம் அடுப்பானது

கொள்கை பழையதாயினும் அதனைத் தாங்கும் பொருள் காலந்தோறும் மாறிவருகின்றது. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி தீர்த்தலே சீவகாருணியத்தின் தலையாய செயல் என்பது அவர் கொள்கை. அங்கே வற்றாப் பாத்திரம் இல்லை. அணையா அடுப்பு இருக்கின்றது. அடுப்புக்கு விறகும் அரிசியும் சமைக்கும் கைகளும் நாள்தோறும் வந்தாக வேண்டும். வியப்பு குறைந்தது, பொறுப்பு மிகுந்தது. தெய்வம் ஒருத்தியின் கையில் தந்த பணியைப் பலர் சேர்ந்து சுமக்கத் தொடங்கினர் என்று இம்மாற்றத்தைச் சொல்லலாம்.

சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுவைக்கும் பழக்கம் தமிழ் இல்லங்களில் இருந்துவந்தது. ஒரு பிடி என்பது குடும்பத்தின் வயிற்றைக் குறைக்காது. பல பிடிகள் சேர்ந்தால் ஒரு பொதுப்பணி நடந்துவிடும். கலயத்தில் கைவைக்கும் பெண்ணுக்குக் கொள்கை விளக்கம் தேவைப்பட்டதில்லை. நாள்தோறும் செய்த செயலே விளக்கமாயிற்று. 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது; 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அங்கே பாத்திரம் அரசின் கைக்கு மாறியது. ஒரே வரிசையில் பல குலத்துப் பிள்ளைகளும் அமர்ந்து உண்டது, சமத்துவம் பற்றிய சொற்பொழிவு பல செய்யாததைச் செய்தது.

எனினும் பொருள் எப்போதும் நல்ல கொள்கையையே கற்பிக்கும் என்று எண்ணிவிடுதல் கூடாது. தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒருசாரார்க்கென்று தனிக்குவளை வைத்திருந்த கொடுமை யாவரும் அறிந்தது. அக்குவளையும் நாள்தோறும் பாடம் நடத்தியது. ஆபுத்திரன் கடிஞையில் விழுந்த கல் அங்கே குவளையின் வடிவில் மீண்டும் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் தனித்தட்டில் உணவளித்தாலும், வயிறு நிறையும்போதே நெஞ்சில் ஒரு கல் விழக்கூடும். உலக அறவியில் மணிமேகலை வந்தாரை யார் என்று வினவவில்லை. பசித்தாரா என்பதே அவளுக்குப் போதுமானதாயிருந்தது. உணவளிப்போர் அதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் மணிமேகலையை அச்சேற்றியபோது, தமிழுலகம் பௌத்தத்தை ஏறக்குறைய மறந்திருந்தது. அவர் அச்சமயக் கருத்துகளைத் தேடிக் கற்று, நூலோடு விளக்கமும் சேர்த்து வழங்கவேண்டியிருந்தது. சமயம் மறைந்தபின்னும் அமுதசுரபி என்னும் சொல் மட்டும் தமிழில் தங்கி நின்றது. வாரி வழங்குவோரை இன்றும் அச்சொல்லால் புகழ்கின்றனர். வாதங்கள் மறக்கப்பெற்றன, பாத்திரம் மறக்கப்பெறவில்லை. சாத்தனாரின் சமயம் எங்கே இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே இக்காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பசிப்பிணி போக்கிய நூல் என்று ஒரு தொடரில் சொல்லி முடித்துவிடாமல், பாத்திரத்தின் வழியைப் பின்தொடருமாறு மாணவரைப் பழக்கலாம். கடிஞையில் கல்லிட்டவர் யார்? ஆதிரையிடம் மட்டும் சான்று கேட்டது ஏன்? மழை பெய்தபின் ஆபுத்திரன் வருந்தியது சரியா? குடபுலவியனாரும் சாத்தனாரும் ஓர் அவையில் சந்தித்தால் என்ன பேசியிருப்பர்? இவ்வினாக்களுக்கு மாணவர் தரும் விடைகள் ஒன்றுபோல் இரா, இருக்கவும் வேண்டா.

வைகாசி மாத விசாக முழுமதியன்று கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி தோன்றும் என்பது காப்பியச் செய்தி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விசாக நாள் பொது விடுமுறையாகும். அந்நாளில் பௌத்தக் கோயில்களில் உணவளிக்கும் வரிசைகளையும், தைப்பூசத்தன்று தமிழர் அமைக்கும் தண்ணீர்ப் பந்தல்களையும், குருத்துவாராக்களில் அனைவரும் தரையில் சமமாக அமர்ந்து உண்ணும் பந்தியையும் இந்நாட்டு மாணவர் நேரிற் காண்கின்றனர். அவற்றை நூலோடு ஒப்பிட்டுக் காணக் கற்றுக்கொண்டால் காப்பியம் தேர்வுத்தாளோடு நின்றுவிடாது. யார் இடுகின்றார், யார் ஏற்கின்றார், யார் வரிசைக்கு வெளியே நிற்கின்றார் என்று காணும் கண் அவர்களுக்கு வாய்க்கும். அக்கண்ணைத் திறப்பதே இலக்கியக் கல்வியின் பயன்.